கொஞ்ச நாள்தானே

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் அவர் இல்லை. கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாமா, சித்தப்பா, அத்தை, அவர்களுடைய துணிக்கடை மேனேஜர்கூட வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நிச்சயத்திலும் சொல்லவில்லை, மண்டபத்திலும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். பின்பக்க அறையிலிருந்து வெள்ளைச் சட்டையின் பித்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டே குள்ளமாக ஒருவர் வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் காலனியில் அதே முகச்சாயலில் ஒரு பெண் இருந்தாள். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது.

"நீ யாரு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கல்யாணத்துக்கு அவரைத்தான் கூட்டிப் போகவில்லையே.

மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "ஏல, உள்ள போ" என்று அவரைத் தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதளா. சொல்லணும்னுதான் இருந்தோம். இவன் இன்னும் கொஞ்ச நாள்தான். பத்து வயசைத் தாண்டமாட்டான்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாவ."

அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயசு.

அன்று ராத்திரி கணவரிடம் கேட்டேன். "சொல்லியிருந்தா உங்க அப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?" என்றார். குடுத்திருப்பாரா மாட்டாரா என்பது வேறு விஷயம். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்? அந்தக் கேள்விக்கு முப்பத்தைந்து வருஷமாகியும் எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் அவரைப் பற்றிய எல்லாப் பேச்சும் 'கொஞ்ச நாள்தானே' என்று முடியும். பள்ளிக்கூடத்துக்கு ஏன் அனுப்பவில்லை? கொஞ்ச நாள்தானே இருக்கப்போறான், அவனை ஏன் போட்டுப் படுத்தணும். சொத்தைப் பல்லை ஏன் பார்க்கவில்லை? கொஞ்ச நாள்தானே. பின்பக்க அறையில் ஃபேன் ஆடிக்கொண்டே சுற்றும், சுவரில் ஓதம் ஏறியிருக்கும். வீடு முழுக்க வெள்ளையடித்தபோதுகூட அந்த அறையை விட்டுவிட்டார்கள். பத்து வயசு தாண்டியதும் ஒரு டாக்டர் இருபது என்றாராம். இருபதும் தாண்டியதும் இன்னொருவர் முப்பது என்றாராம். ஒவ்வொரு கெடுவையும் அந்த மனிதர் சாவகாசமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். வீடுதான் முதல் கெடுவிலேயே நின்றுவிட்டது.

நான் அவரை 'அவர்' என்று சொல்வதைக் கேட்டு மாமியார் சிரிப்பார். "அவனுக்கு என்னத்துக்குளா அவரு இவருன்னுக்கிட்டு?" கடையில் வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் 'பாப்பா' என்பாள். கன்னத்தில் தாடி நரைத்த பிறகும் பாப்பா. வேறு சிலர் 'தெய்வக் குழந்தை' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெய்வக் குழந்தையோடு ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். வெள்ளை முழுக்கைச் சட்டை தவிர வேறு எதையும் போடமாட்டார். தட்டில் அப்பளம் உடைந்திருந்தால் சாப்பிட மாட்டார். நான் என் அம்மாவோடு ஃபோனில் பேசினால் பக்கத்தில் வந்து நின்று, "வை, வை" என்பார். மூட்டை இறக்க வருகிறவர்களிடம் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தைகளை, நெருங்கிய சொந்தம் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எடுத்து விடுவார். எந்த வார்த்தைக்கு யார் முகம் எப்படிப் போகிறது என்று ஒரு ஓரமாகப் பார்த்துக்கொண்டும் இருப்பார்.

நாங்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தாலும், "எனக்கு எப்ப?" என்று கேட்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "உனக்கு அடுத்த முகூர்த்தம்ல" என்பார் கணவர். அவர் அடுத்த முகூர்த்தத்துக்காகக் காத்திருப்பார். பதில் சொல்ல முடியாத கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரிக்கிறதுக்கு அதில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்துதான் பார்ப்பார். அது அவருடைய சுபாவம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்த வருஷமே, யாரிடமும் சொல்லாமல், லஸ் கார்னரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அவரைக் கூட்டிப் போனேன். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் காட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு பவர் இருக்கே, இத்தனை நாள் எப்படி நடமாடினாரு?" என்றார். கண்ணாடி தயாராகிப் போட்டுவிட்டதும் அவர் என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"மைனி, உன் மூக்குல மரு."

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மதினி என்போம். அவர் வாயில் அது மைனி ஆகிவிட்டது. அப்படித்தான் அவர் என்னை முதல் தடவை முழுசாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "எதுக்கும்மா வீண் அலைச்சல்" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சமையலில் உப்பு போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

அவருக்கென்று ஒரு வேலை இருந்தது, அது மாமனார் புண்ணியம். தி. நகரில் எங்கள் துணிக்கடை. காலையில் மாமனார் காரில் முன் சீட்டில் அவர்தான் உட்காருவார். கடை வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல். வருகிறவர்களையெல்லாம் "வாங்க, வாங்க" என்பார். கூட்டம் இல்லாதபோது பிரித்துப் போட்ட சேலை அட்டைகளை அடுக்குவார். தீபாவளிக் கூட்டத்தில் தெருவே நகராத நாட்களிலும் அந்த "வாங்க வாங்க" கேட்டுக்கொண்டே இருக்கும். வழக்கமாக வருகிறவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பண்டிகை நாளில் ஸ்டூல் காலியாக இருந்தால், "எங்க உங்க ஆளு?" என்று கேட்பார்கள்.

மாமனார் போன பிறகு கணவர் கடையை இடித்துக் கட்டினார். கண்ணாடி முகப்பு, ஏசி, லிஃப்ட், வாசலில் யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி. ஸ்டூலுக்கு இடமில்லை.

"இப்ப வர்ற கஸ்டமர் வேற மாதிரி. வாசல்லயே இவன் உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க?" என்றார்.

"என்ன நினைப்பாங்க? உங்க தம்பின்னு நினைப்பாங்க."

"உனக்கு யாவாரம் தெரியாது. விடு."

யாவாரம் எனக்குத் தெரியாதுதான். அவரோ தினமும் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடியைத் துடைத்து, கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். கணவர் அவரைத் தாண்டிப் போக மனசில்லாமல் காரை முந்தின நாளே பின் தெருவில் நிறுத்திவைத்தார். பின் வாசல் வழியாகப் போய்விடுவார். வெயில் ஏறுகிறவரை இவர் கேட்டில் நிற்பார். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டால், "கார் வரும்" என்பார். சொந்தத் தம்பிக்குப் பயந்து ஒரு மனிதர் பின் வாசலால் ஓடுவதை நான் தினமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டேன். கெஞ்சினேன். பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் கேட்டில் அவரைக் காணவில்லை. மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தேடினோம். கடைக்கு ஃபோன் செய்தால், "இங்க வரலையே" என்றார்கள். சாயங்காலம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் சட்டையெல்லாம் அழுக்காக அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, இவரு உங்க வூட்டு ஆளா?" என்றார் ஆட்டோக்காரர். "காலைலேர்ந்து அந்தக் கடைக்கு எதுத்தாப்ல பிளாட்பாரத்துல குந்திகினு கீறாரு. வாங்க வாங்கன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கூப்டுகினு கீறாரு. உள்ள போவப் பாத்தாரு, அந்த வாட்ச்மேன் புட்ச்சித் தள்ளிட்டான். பிச்சைக்காரன்னு நெனச்சிகினான் போல. நமக்கு இவர பழைய கடைலேர்ந்தே தெரியும்மா. அதான் இட்டாந்தேன்."

எப்படித் தனியாகப் போனார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்று கடைசிவரை தெரியவில்லை. கையில் தோல் உரிந்திருந்தது. கணவர் வந்ததும் அந்தக் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் தம்பியைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் கடைக்குக் கூட்டிப் போனார். வாசலில் இல்லை, மேல்மாடியில் சரக்கு வைக்கும் அறையில். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சில வாரம் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் குளிக்கவே இல்லை. "கடைக்குப் போகலையா?" என்றேன்.

"அங்க யாரும் வரல மைனி" என்றார்.

அதன் பிறகு அவர் கடைக்குப் போகவே இல்லை. இப்போதும் தி. நகர்ப் பக்கம் போனால் அந்தக் கண்ணாடிக் கதவை எனக்குத் தள்ளத் தோன்றாது. செக்யூரிட்டி திறந்துவிடுவான், சலாம் வைப்பான்.

மாமியாருக்கு உடம்பு தளர்ந்த பிறகு ஒரே பிரார்த்தனைதான். கபாலி கோவிலுக்குக் கூட்டிப் போனாலும் அதுதான், வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாலும் அதுதான். "எனக்கு முன்னாடி இவன் போயிரணும்பா." சத்தமாகவே சொல்வார். பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு அவர் நிற்பார்.

"அத்தை, அவர் காதுல விழுது."

"அவனுக்கு என்னளா புரியும்?"

ஒருநாள் கோவிலிலிருந்து வரும்போது, குளத்தோரம் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "அம்மா, நான் எங்க போகணும்?"

மாமியார் அழுதுவிட்டார். ஆனால் அடுத்த பிரதோஷத்துக்குப் போனபோதும் அதையேதான் வேண்டிக்கொண்டார். தான் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்ற பயம் அந்த அம்மாவுக்கு. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் நான் அங்கேயேதானே நின்றுகொண்டிருந்தேன்? கை நிறைய அர்ச்சனைத் தட்டோடு, அவர் பக்கத்திலேயே. நான் பார்ப்பேன் என்று மாமியாருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. வந்தவள் எப்போதும் வந்தவள்தான் போல.

பிரார்த்தனை பலிக்கவில்லை. மாமியார்தான் முன்னால் போனார். அன்று நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். யாரோ ஒரு சித்தப்பா, 'பாத்தா பயந்துருவான்' என்று அவரை மெல்ல நகர்த்திப் பக்கத்து வீட்டில் டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது வண்டி தெரு முனையைத் தாண்டிவிட்டது. பிறகு பல மாதம் அவர் அம்மாவைத் தேடினார். பாத்ரூம் கதவைத் தட்டுவார். காபியில் பாதியை மூடி வைப்பார். அவர் கேட்டபோதெல்லாம் "ஊருக்குப் போயிருக்காங்க", "சாமிகிட்ட போயிருக்காங்க" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவைத்திருந்தார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வரத்தானே வேண்டும்? ஒருநாள் என்னால் தாங்க முடியாமல் அவரை எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன். "அம்மா செத்துட்டாங்க. எரிச்சாச்சு. இனிமே வரமாட்டாங்க."

எழுந்து நின்று கத்தினார். "ஏன் எனக்குச் சொல்லல? என் அம்மா! ஏன் எனக்குச் சொல்லல?" அண்ணனின் அறைக் கதவை உதைத்தார். கணவர் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அம்மாவைத் தேடுவதை நிறுத்திவிட்டார்.

ஐம்பது வயசைத் தாண்டிச் சில வருஷங்களில் அவர் மெல்ல அடங்கிப்போனார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. எப்போது பார்த்தாலும் தூக்கம். அப்பளம் உடைந்திருந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடையாறில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் இவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வந்துடும்மா. இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு" என்றார். இதைச் சொல்லும்போது இவர் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு வேற ஏதாவது இருக்குமான்னு பாக்கலாமே டாக்டர்?"

"எதுக்கும்மா இவரை வீணா அலைக்கழிக்கறீங்க?"

மாமியார் செத்தும் அந்த வார்த்தை சாகவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு டாக்டரிடமும் போனேன், அங்கேயும் அதே கதை. மூன்றாவதாகப் போனது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம். அவள் இவரிடமே நேராக, "சார், காதைக் காட்டுங்க" என்றாள். இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக அடைத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு. தினம் ஒரு மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து, பிறகு சுத்தம். அவ்வளவுதான். கொஞ்ச வாரத்தில் பழைய மனிதர் எழுந்து வந்துவிட்டார். நான் ஃபோனில் பேசினால் "வை, வை" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அதைவிட, அந்தப் பெரிய டாக்டரின் அறைக் கதவை ஒருதரம் நானும் உதைத்தால் என்ன என்று இருந்தது.

அதன் பிறகு சில நல்ல வருஷங்கள் இருந்தன. சாயங்காலங்களில் நானும் அவரும் பட்டினப்பாக்கம் வரை நடப்போம். எனக்கும் முட்டி வலி, அவருக்கும் முட்டி வலி. நின்று நின்று போய்ச் சேருவோம். மீன் விற்கிற அம்மாக்களிடம் அவர் போய் நின்று, வாங்க வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்பார். "வா நைனா, நீ குந்து, இன்னிக்கு யாவாரம் நல்லா ஆவும்" என்று அவர்கள் ஒரு பலகையை இழுத்துப் போடுவார்கள். ஒரு நாள் கணவரும் கூட வந்தார். தள்ளி நின்று பார்த்தார். திரும்பி வரும்போது, "கடையில அவனை உட்கார வச்சிருக்கலாம்" என்றார். இருபது வருஷம் கழித்து. ஆமாம் என்றேன்.

அறுபதில் நிஜமாகவே மறதி வந்தது. இந்தத் தடவை அந்தச் சின்ன டாக்டரே எல்லாம் பார்த்துவிட்டு, இதற்கு மாத்திரை இல்லை என்றாள். வலிப்பு வந்தது. சட்டையைப் பித்தான் மாற்றிப் போடுவதுகூடப் போய், சட்டை என்பதே மறந்தது. சாப்பாட்டைத் துப்புவார். குளிப்பாட்டப் போனால் அடிப்பார். என் தோளில் அவர் கை பட்ட இடம் வாரக் கணக்கில் வலிக்கும். கணவர் கடையை எங்கள் மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். தம்பியைத் தூக்கி உட்காரவைப்பது, நகம் வெட்டுவது, ஸ்பூனால் கஞ்சி கொடுப்பது எல்லாம் செய்தார். நன்றாகவே செய்தார். இந்தக் கைகள் முன்னாலெல்லாம் எங்கே போயிருந்தன என்று எனக்குள் ஒரு எரிச்சல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினார். மறுநாள் திரும்பவும் கேட்டார்.

அறுபத்து மூன்றாவது வயசில், நெஞ்சில் சளி கட்டி, வீட்டிலேயே போனார். கணவர் கொள்ளி வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொன்னார்கள். "உனக்கு விடுதலைம்மா. புண்ணியம் கட்டிக்கிட்ட." இழவு வீட்டில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனதை அங்கேதான் பார்த்தேன். ஒரு பெரியம்மா மட்டும், "ஒனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் முதல் வருஷத் திதி. கணவர் ஒரு மாதம் முன்பிருந்தே ஏற்பாடு செய்தார். வேளச்சேரிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம். இவரைப் போன்ற குழந்தைகள். பாயசம் வடையோடு சாப்பாடு, எல்லோருக்கும் கடையிலிருந்து புது டிரெஸ்.

"எதுக்குக் குழந்தைங்களுக்கு? அவருக்கு அறுபத்து மூணு வயசு" என்றேன்.

"அவன் மாதிரிப் பிள்ளைகதானே."

"அவர் மாதிரி வயசானவங்க எங்கேயும் இருக்க மாட்டாங்களா? அவங்களுக்குப் போய்க் குடுங்க."

"எங்க இருக்காங்கன்னு சொல்லு, போறேன்."

எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்தக் காலனிப் பெண்கூட இப்போது எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மகனும் அவரும் மட்டும் போனார்கள்.

மத்தியானம் வெயிலில் களைத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டன என்றார். ஒரு பையன் போட்ட டிரெஸ்ஸைக் கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தானாம். அதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீயும் வந்திருக்கலாம்" என்றார்.

"சாப்பிட்டீங்களா இல்லையா?" என்றேன்.

இல்லை என்றார். இலை போட்டேன்.